ஜெம்5 சிமுலேட்டரில் இடைவெளி விட்டு ஸ்டாட்ஸ் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெம்5 ஓட்டத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே போட்டு வைக்கிறேன். ஜெம்5 என்றால் என்ன என்பவருக்கு: மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எம்5, விஸ்கான்சின்-மேடிசனில் உருவான ஜெம்ஸ் என்ற இரண்டு சிமுலேட்டர்களும் 2011-ல் ஒன்று சேர்ந்து வந்தது. இல்லாத ஒரு பிராசஸரை மென்பொருளில் கட்டி, அதன் மேல் நிஜ புரோகிராமை ஓட்டி, எத்தனை கேச் மிஸ் (தேடிய டேட்டா பக்கத்திலிருக்கும் சின்ன வேக மெமரியான கேச்சில் இல்லாமல் போவது), எத்தனை சைக்கிள் (பிராசஸர் கடிகாரத்தின் துடிப்பு) என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்கள்தான் ஸ்டாட்ஸ். கமாண்டுகள், ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் எம்5அவுட் ஃபோல்டரில் ஸ்டாட்ஸ் ஃபைல் ஒன்று தானாக வருகிறதே, அது போதாதா?

பல நேரம் போதும். இரண்டு கேச் அளவுகளை ஒப்பிட்டு "இது 4 சதவீதம் வேகம்" என்று ஒரு பட்டை வரைவதுதான் வேலை என்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த ஃபைலில் இருப்பது முழு ஓட்டத்துக்குமான மொத்தம். ஒரு புரோகிராமின் முதல் பாதிக் கட்டளைகள் (இன்ஸ்ட்ரக்ஷன்) ஐபிசி, அதாவது ஒரு சைக்கிளுக்கு முடியும் கட்டளை, 2-ல் பறக்கின்றன, மறு பாதி மெமரிக்குக் காத்துக் காத்து 0.5-ல் ஊர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஓட்டத்தின் ஐபிசி 0.8 என்று வரும். அந்த 0.8 வேகத்தில் புரோகிராம் ஒரு கணம்கூட ஓடவில்லை. (சைக்கிளைக் கூட்டித்தான் வகுக்க வேண்டும். இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து 1.25 என்று எழுதிய ஆய்வேட்டு வரைவை நான் பார்த்திருக்கிறேன்.) எந்த இடத்தில் மந்தமானது, பிரீஃபெட்சர் (டேட்டாவை முன்கூட்டியே கேச்சுக்குக் கொண்டுவருவது) எப்போது பிடித்துக்கொண்டது, மின்சாரச் செலவு எப்போது எகிறியது என்ற மாதிரிக் கேள்வி இருந்தால் ஓட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணத்தான் வேண்டும்.

டிக் என்கிறார்கள், சைக்கிள் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. ஜெம்5-ன் உள்ளே காலம் டிக்கில் நகர்கிறது. மாற்றாமல் விட்டால் ஒரு டிக் என்பது ஒரு பிக்கோசெகண்ட், அதாவது ஒரு வினாடிக்கு 10^12 டிக். 2 கிகாஹெர்ட்ஸ் கோரில் ஒரு சைக்கிள் 500 டிக். 1 மில்லிசெகண்ட் என்பது 10^9 டிக். "10 லட்சம் சைக்கிளுக்கு ஒருமுறை எடு" என்று நினைத்துக்கொண்டு 1000000 என்று கொடுத்தால் 2000 சைக்கிளுக்கு ஒருமுறை கொட்டும், காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பியிருக்கும். முதல் வாரத்தில் எல்லோரும் ஒருமுறை இதைச் செய்வார்கள்.

சரி, இருப்பதிலேயே எளிய வழி எது?

பைத்தான் கான்ஃபிக் ஸ்கிரிப்டில் ஒரே வரி. எம்5 மாட்யூலுக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் பீரியாடிக்ஸ்டாட்டம்ப் என்ற ஃபங்ஷன். இன்ஸ்டான்ஷியேட் (சிஸ்டத்தைக் கட்டுவது) முடிந்த பிறகு, ஓட்டத்தைத் தொடங்கும் சிமுலேட்டைக் கூப்பிடுவதற்கு முன்னால், எத்தனை டிக்குக்கு ஒருமுறை வேண்டும் என்று அதற்குச் சொன்னால் போதும். டிக் கணக்கு போட விருப்பமில்லை என்றால் எம்5.டிக்ஸ்.ஃப்ரம்செகண்ட்ஸ் என்ற ஃபங்ஷனிடம் வினாடியில் கொடுங்கள், அது மாற்றிக் கொடுக்கும். ஜெம்5-உடன் வரும் உதாரணங்களில் ஆர்ம் ஃபோல்டருக்குள் எஃப்எஸ்-பவர் என்ற ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்கிறது: 0.1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஸ்டாட்ஸ் எடுத்து, பவர் மாடலின் எண்ணைக் காலவரிசையில் காட்டுகிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பியடித்தால் பத்து நிமிட வேலை. நிறுத்த வேண்டுமென்றால் அதே ஃபங்ஷனுக்கு 0 கொடுங்கள்.

ஒரு சின்ன வில்லங்கம் மட்டும். நடு ஓட்டத்தில் இதைக் கூப்பிட்டீர்கள், நீங்கள் கொடுத்த இடைவெளி அந்த நேரத்து டிக் எண்ணைவிடப் பெரிது என்றால், முதல் டம்ப் (ஸ்டாட்ஸை ஃபைலில் எழுதுவது) "இப்போதிலிருந்து அவ்வளவு தூரம்" என்று வராது, இடைவெளியாகக் கொடுத்த அதே டிக் எண்ணிலேயே வந்துவிடும். முதல் துண்டு குட்டையாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை டிக் என்று ஃபைலிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் எல்லாம் ஒரே நீளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இது ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைச் சுழியத்துக்குத் திருப்புமா, இல்லை கூட்டிக்கொண்டே போகுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

ஜெம்5-ல் டம்ப் வேறு, ரீசெட் வேறு. டம்ப் என்பது இப்போது இருக்கிற எண்களை ஃபைலில் எழுதுவது, அவ்வளவுதான். ரீசெட் என்பது எண்ணிகளைச் சுழியமாக்குவது. மேலே சொன்ன பீரியாடிக் ஃபங்ஷன் பெயரில் டம்ப் மட்டுமே இருந்தாலும் அது இரண்டையும் செய்கிறது, ஒவ்வொரு துண்டும் தனித்துண்டு. ஆனால் நீங்களே லூப் எழுதினால், அல்லது புரோகிராமுக்குள்ளிருந்து டம்ப் மட்டும் கூப்பிட்டால், ரீசெட்டை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாவது டம்பில் முதல் துண்டும் சேர்ந்திருக்கும், மூன்றாவதில் முதல் இரண்டும் சேர்ந்திருக்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று நாள் ஓடிய ஒரு வேலையில் ரீசெட்டை மறந்துவிட்டேன். கிராஃப் வந்தது, மிக அழகாக வந்தது: முதலில் கொஞ்சம் ஆடிவிட்டுப் போகப் போக வழுவழுவென்று ஒரு நேர்க்கோடாகிவிட்டது. "புரோகிராம் ஸ்திரமான நிலைக்கு வந்துவிட்டது" என்று ஒரு பத்தி விளக்கமே எழுதிவிட்டேன். உண்மையில் அது வெறும் ஓடும் சராசரி. எதை வரைந்தாலும் கடைசியில் அப்படித்தான் படுத்துவிடும். உங்கள் கோடு வலப்பக்கம் போகப் போக அமைதியாகிக்கொண்டே வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ரீசெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீசெட் இல்லாமல் எடுத்துவிட்டேன். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் சரியாகிவிடாதா?

பாதி சரியாகும். வெறும் எண்ணிகள், அதாவது கட்டளை எண்ணிக்கை, சைக்கிள், மிஸ், ஹிட் எல்லாவற்றையும் தாராளமாகக் கழிக்கலாம். நான் அந்த மூன்று நாள் வேலையை அப்படித்தான் மீட்டேன். ஆனால் ஐபிசி, மிஸ் விகிதம், சராசரித் தாமதம் இவையெல்லாம் ஃபார்முலா, எழுதும் நேரத்தில் எண்ணிகளை வகுத்துப் போடுபவை. இரண்டு விகிதங்களைக் கழித்தால் வருவது குப்பை. கழித்த எண்ணிகளை வைத்து நீங்களே மறுபடி வகுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூஷன்களில் (மதிப்புகளைப் பக்கெட் பக்கெட்டாகப் பிரித்து எண்ணுபவை) ஒவ்வொரு பக்கெட்டின் எண்ணிக்கையையும் கழிக்கலாம், மிகச் சிறியது மிகப் பெரியது என்ற இரண்டும் போனது போனதுதான். "கேச்சில் சராசரியாக எத்தனை பிளாக் நிரம்பியிருந்தது" போன்ற காலச் சராசரிகளையும் நேராகக் கழிக்க முடியாது.

நானே லூப் எழுதினால் என்ன லாபம்?

கட்டுப்பாடு. எம்5.சிமுலேட்டுக்கு ஒரு டிக் எண்ணிக்கை கொடுத்தால் அவ்வளவு தூரம் மட்டும் ஓடிவிட்டு பைத்தானுக்குத் திரும்பும். திரும்பி வந்த ஈவண்ட்டிடம் கெட்காஸ் என்று கேட்டால் ஏன் நின்றது என்று ஒரு வாக்கியம் சொல்லும். குறித்த தூரம் முடிந்துதான் நின்றது என்றால் "சிமுலேட் லிமிட் ரீச்டு" என்று வரும். அப்போது டம்ப், ரீசெட், மறுபடி சிமுலேட். வேறு எதாவது வந்தால் புரோகிராம் முடிந்துவிட்டது அல்லது ஏதோ வெடித்துவிட்டது, லூப்பிலிருந்து வெளியே வாருங்கள். இந்தக் காரணத்தைப் பார்க்காமல் "1000 முறை சுற்று" என்று குருட்டு லூப் எழுதாதீர்கள், புரோகிராம் 300-வது சுற்றிலேயே முடிந்துவிடலாம்.

லூப்புக்குள் நின்றுகொண்டிருக்கும்போது வேறு வேலையும் பார்க்கலாம். முதல் 50 துண்டுகளைத் தூக்கிப் போடலாம், பிறகு இடைவெளியைக் குறுக்கலாம். டம்ப் ஃபங்ஷனிடம் கோர், எல்2 (இரண்டாம் நிலை கேச்) என்று சில பகுதிகளை மட்டும் லிஸ்ட்டாகக் கொடுத்தால் அவற்றின் ஸ்டாட்ஸ் மட்டும் எழுதும். நான் பெரும்பாலும் இந்த வழிதான் போகிறேன்.

காலத்தால் வெட்டுவதா, கட்டளை எண்ணிக்கையால் வெட்டுவதா?

உங்கள் கேள்வி எதன் மேல் ஓடுகிறதோ அதனால் வெட்டுங்கள். மின்சாரம், வெப்பம், மெமரி பேண்ட்வித் என்றால் காலம். வெப்பம் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஏறும், கட்டளை எண்ணிக்கை அதற்குத் தெரியாது. ஒரே புரோகிராமை இரண்டு வேறு பிராசஸர் வடிவமைப்பில் ஓட்டி "இந்த இடத்தில் இது வேகம்" என்று ஒப்பிடுவதானால் கட்டளை. காலத்தால் வெட்டினால் வேகமான பிராசஸரின் 40-வது துண்டும் மந்தமானதின் 40-வது துண்டும் புரோகிராமின் வேறு வேறு இடங்களில் இருக்கும், இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் அர்த்தமே இருக்காது. இரண்டு கிராஃப்பையும் போட்டோஷாப்பில் இழுத்துப் பொருத்திய ஆளை எனக்குத் தெரியும்.

கட்டளையால் வெட்ட, ஜெம்5-ன் புதிய ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் சிமுலேட்டர் ஆப்ஜெக்ட்டிடம் ஷெட்யூல்-மேக்ஸ்-இன்ஸ்ட்ஸ் என்று சொல்லி எண்ணிக்கை கொடுக்கலாம். அந்த எண்ணிக்கை வந்ததும் மேக்ஸ்-இன்ஸ்ட்ஸ் என்ற எக்ஸிட் ஈவண்ட் எழும். அதற்கு ஒரு ஜெனரேட்டர் எழுதி வையுங்கள்: உள்ளே முடிவில்லாத லூப், டம்ப், ரீசெட், அடுத்த எண்ணிக்கையை மறுபடி ஷெட்யூல் செய்வது, கடைசியில் யீல்டு ஃபால்ஸ். ஃபால்ஸ் என்றால் தொடர்ந்து ஓடு, ட்ரூ என்றால் நிறுத்து. மறுபடி ஷெட்யூல் செய்ய மறந்தால் ஒரே ஒரு துண்டோடு நின்றுபோகும், இது ஒரு முறைக்கான அலாரம்தான்.

துண்டு ஒவ்வொன்றும் சரியாக 10,00,000 கட்டளை இருக்காது. ஓ3 கோர் (கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் கோர் மாடல்) ஒரே சைக்கிளில் பல கட்டளைகளை முடித்து வெளியேற்றும், கமிட் அகலம் (அப்படி ஒரு சைக்கிளில் வெளியேறக்கூடிய உச்ச எண்ணிக்கை) மாற்றாமல் விட்டால் 8. அதனால் எல்லையில் சில கட்டளைகள் கூடலாம். யாரும் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை, விகிதம் போடும்போது ஃபைலில் இருக்கும் உண்மையான எண்ணால் வகுத்தால் போதும்.

பல கோர் இருந்தால்?

காலத்தாலேயே வெட்டுங்கள். கட்டளை அலாரம் ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக வைக்கப்படுகிறது, எது முதலில் எட்டுகிறதோ அதில் நிற்கும். நீங்கள் மறுபடி எல்லாக் கோரிலும் அலாரம் வைத்துவிட்டுக் கிளம்பினால், மற்றக் கோர்களில் பழைய அலாரம் இன்னும் அடிக்கக் காத்திருக்கும். நாலு கோரில் கொஞ்ச நேரத்தில் டம்ப் மழை பெய்யும்.

இதைவிடப் பெரிய விஷயம், பல த்ரெட் புரோகிராமில் கட்டளை எண்ணிக்கை என்பதே ஏமாற்றுகிற அளவுகோல். பூட்டு (லாக்) கிடைக்காமல் சுற்றிக்கொண்டு நிற்கிற த்ரெட், கேச்சில் இருக்கிற ஒரே மாறியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். உருப்படியான வேலை எதுவும் நடக்காது, ஐபிசி மட்டும் பிரமாதமாக இருக்கும்.

புரோகிராமின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அளக்க வேண்டும். எப்படி?

எம்5ஆப்ஸ். ஜெம்5-ன் யூட்டில் ஃபோல்டருக்குள் எம்5 என்று ஒரு சின்ன லைப்ரரி இருக்கிறது. அதை பில்ட் செய்து உங்கள் சி புரோகிராமோடு சேர்த்து, வேண்டிய இடத்தில் எம்5-ரீசெட்-ஸ்டாட்ஸ், எம்5-டம்ப்-ரீசெட்-ஸ்டாட்ஸ் என்று கூப்பிட்டால் அந்தக் கணத்தில் நடக்கும். இரண்டு ஆர்க்யூமென்ட்: எவ்வளவு தாமதித்து, எத்தனைக்கு ஒருமுறை திரும்ப. இங்கே அளவு நானோசெகண்ட், டிக் இல்லை. பைத்தான் பக்கம் டிக், புரோகிராம் பக்கம் நானோசெகண்ட், நடுவில் 1000 மடங்கு வித்தியாசம், யார் எதற்கு இப்படிப் பிரித்தார்கள் என்று கேட்காதீர்கள். லினக்ஸ் முழுவதையும் பூட் செய்து ஓட்டும் ஃபுல் சிஸ்டம் முறையில், உள்ளே ஷெல்லிலிருந்தே "எம்5 டம்ப்ரீசெட்ஸ்டாட்ஸ் 0 100000" என்று தட்டினால் உடனே ஒன்று, பிறகு 0.1 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று வரும்.

உங்கள் அல்காரிதத்துக்கு இயல்பான எல்லை இருந்தால் இதுதான் சிறந்த வழி என்பேன். ஒரு மேட்ரிக்ஸ் பெருக்கல் முடிந்ததும் ஒன்று, ஒரு ஃபிரேம் முடிந்ததும் ஒன்று. கடிகாரம் வெட்டிய துண்டைப் பார்த்து "இது எந்த ஃபங்ஷன்?" என்று யோசிக்கத் தேவையில்லை, இரண்டு வடிவமைப்பையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வைத்து ஒப்பிடலாம்.

எச்சரிக்கை இரண்டு. இதை ஆயிரம் முறை சுற்றும் உள் லூப்பில் வைக்காதீர்கள், இந்தக் கட்டளை ஊகமாக முன்கூட்டி ஓடாது, பைப்லைன் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் அளக்கும் பொருளையே மாற்றிவிடும். அப்புறம், இப்படி பில்ட் செய்த பைனரியை மறந்துபோய் உங்கள் லேப்டாப்பில் நேராக ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழுந்துவிடும், நிஜ பிராசஸருக்கு அந்தக் கட்டளை தெரியாது.

இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எதையுமே செட் செய்யவில்லை. இப்போது ஒரு டம்ப் எடுக்க முடியுமா?

முடியும், இது பலருக்குத் தெரியாத நல்ல வசதி. வேறொரு டெர்மினலிலிருந்து அந்த ஜெம்5 பிராசஸுக்கு கில் கமாண்டால் யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்புங்கள், டம்ப் மட்டும் நடக்கும். யூஎஸ்ஆர்2 அனுப்பினால் டம்பும் ரீசெட்டும். கில் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஓட்டம் தொடரும். ஒரு ஷெல் லூப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பி ஒப்பேற்றிய நாட்கள் உண்டு, ஆனால் அது உங்கள் மேசைக் கடிகாரத்தின் பத்து நிமிடம், சிமுலேட்டருக்குள் எவ்வளவு காலம் ஓடியது என்பது சர்வர் அன்றைக்கு எவ்வளவு பிஸி என்பதைப் பொறுத்தது. நிலவரம் பார்க்கச் சரி, கிராஃப் வரையச் சரியில்லை.

கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும் வெளியேறும்போது கடைசி டம்ப் எழுதப்படும். கில் -9 அடித்தால் எதுவும் வராது.

இடைவெளி எவ்வளவு வைப்பது?

இதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, ஆனால் அப்படி ஓர் எண் கிடையாது.

புரோகிராமின் பெரிய கட்டங்களைப் பார்ப்பதானால் நீளமாக வைக்கலாம். சிம்பாயிண்ட் என்ற பிரபலமான முறை, புரோகிராமைத் துண்டுகளாக்கி ஒரே மாதிரி நடந்துகொள்ளும் துண்டுகளைக் கூட்டமாகச் சேர்ப்பது. 2002-ல் வந்த அதன் ஆய்வில் ஒரு துண்டு 10 கோடி கட்டளை. வெப்பம் பார்ப்பவர்கள் இதற்கு நேர் எதிர்: வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹாட்ஸ்பாட் கருவியின் கான்ஃபிக்கில் மாதிரி இடைவெளி 3.33 மைக்ரோசெகண்ட் என்று இருக்கும், 3 கிகாஹெர்ட்ஸில் 10,000 சைக்கிள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் பெரும்பாலோரின் வேலை இருக்கிறது.

ரொம்பக் குறுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் கைபோகும் திசை எப்போதும் அதுதான். ஒரு கேச் மிஸ் ஒரு துண்டில் கிளம்புகிறது, டேட்டா வந்து சேர்வது அடுத்த துண்டில். கிளம்பியதை ஒரு எண்ணி எண்ணும், தாமதத்தை வந்து சேர்ந்த இடத்தில் இன்னொரு எண்ணி கூட்டும். துண்டு பத்து லட்சம் சைக்கிள் என்றால் எல்லையில் தொங்கும் இந்தப் பத்து இருபது மிஸ்கள் கண்ணுக்கே தெரியாது. துண்டு 500 சைக்கிள் என்றால் அவைதான் மொத்தமும். வகுத்துப் பார்த்தால் நடக்கவே முடியாத விகிதங்கள் வரும், அதை சிமுலேட்டர் பக் என்று புகார் எழுதுவார்கள். டிராம் ரிஃப்ரெஷ் (மெமரி சிப்பில் டேட்டா அழியாமல் அவ்வப்போது புதுப்பிப்பது) இன்னொன்று. டிடிஆர்4-ல் சாதாரணமாக 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் கட்டளை போகும். உங்கள் துண்டு 5 மைக்ரோசெகண்ட் என்றால் சில துண்டில் ஒரு ரிஃப்ரெஷ் விழும், சில துண்டில் விழாது, கிராஃபில் சீப்புப் பல் மாதிரி ஒரு ஏற்ற இறக்கம் தெரியும், அதற்கும் உங்கள் புரோகிராமுக்கும் சம்பந்தமில்லை.

சந்தேகமாக இருந்தால் நான் செய்வது: ஓட்டத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் நினைத்ததைவிடப் பத்து மடங்கு குறுகலாக எடுப்பேன். அந்தத் துண்டுகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி மறுபடி வரைவேன். கதை மாறவில்லை என்றால் பெரிய இடைவெளியோடு முழு ஓட்டம். சிறியதைக் கூட்டிப் பெரிதாக்கலாம், பெரியதை உடைக்க முடியாது.

ஃபைல் பல ஜிபி ஆகிவிட்டது. என்ன செய்ய?

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டம்ப் 200 கேபி என்று வைத்துக்கொள்வோம், சிமுலேட் ஆகும் காலம் 1 வினாடி, இடைவெளி 0.1 மில்லிசெகண்ட்: 10,000 டம்ப், 2 ஜிபி. இடைவெளி 1 மைக்ரோசெகண்ட் என்றால் 200 ஜிபி. ஓட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு பெருக்கலைச் செய்யுங்கள்.

குறைக்க வழி உண்டு. ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு விளக்க வாக்கியம் இருக்கும், அதை ஒவ்வொரு டம்பிலும் திரும்ப எழுதத் தேவையில்லை. ஸ்டாட்ஸ்-ஃபைல் ஆப்ஷனில் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு டெஸ்க் ஈக்வல் ஃபால்ஸ் என்று சேர்த்தால் அது போய்விடும். எச்டிஎஃப்5 (பெரிய எண் அட்டவணைகளுக்கான பைனரி ஃபைல் வடிவம்) ஆதரவோடு பில்ட் செய்திருந்தால் அதே ஆப்ஷனில் பெயருக்கு முன்னால் எச்5 என்று போட்டு நேராக அந்த வடிவில் எழுதலாம். நூறு டம்ப் என்றால் டெக்ஸ்ட்டே சுகம், பல்லாயிரம் என்றால் எச்டிஎஃப்5 பக்கம் போங்கள். பகுதி மட்டும் டம்ப் செய்வது பற்றி ஏற்கெனவே சொன்னேன், உண்மையில் அதுதான் அதிகம் மிச்சப்படுத்தும்.

எல்லா டம்பும் ஒரே ஃபைலில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு டம்பும் "பிகின் சிமுலேஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்ற கோட்டு வரியோடு தொடங்கி "எண்ட்" வரியோடு முடியும். இருபது வரி பைத்தான் போதும். ஆனால் இந்த இருபது வரியில் எல்லோரும் விழுகிற குழிகள் சில.

சில ஸ்டாட்ஸ் சுழியமாக இருந்தால் அந்த வரியே எழுதப்படாது. ஒரு துண்டில் 812 வரி, அடுத்ததில் 797 வரி என்று வரும். "எத்தனாவது வரி" என்று எண்ணிப் படிக்கிற ஸ்கிரிப்ட் அங்கேயே உடையும். க்ரெப் அடித்து ஒவ்வொரு பெயராகப் பொறுக்கி எக்செலில் பக்கம் பக்கமாக ஒட்டினால் அதைவிட மோசம், நெடுவரிசைகள் சத்தமில்லாமல் ஒன்றுக்கொன்று நழுவிவிடும். பெயரை வைத்து டிக்ஷனரியில் போடுங்கள், இல்லாத பெயருக்கு 0.

ஒரு ஸ்டாட் ஃபார்முலாவாக இருந்து வகுக்கும் எண் சுழியம் என்றால் "நான்" (என்-ஏ-என்) என்று இருக்கும், எண் இல்லை என்று அர்த்தம். அதை 0 ஆக்காதீர்கள். அந்தத் துண்டில் ஒரு அணுகலே நடக்கவில்லை என்பதும் அணுகல் நடந்து மிஸ்ஸே இல்லை என்பதும் ஒன்றல்ல.

கடைசித் துண்டு எப்போதும் அரைகுறை. ஓட்டம் முடியும்போது ஜெம்5 தானாக ஒரு டம்ப் எழுதும், அது உங்கள் இடைவெளியின் நடுவில் எங்கேயோ விழுந்திருக்கும். மிஸ் எண்ணிக்கையை அப்படியே வரைந்தால் கடைசியில் கோடு தடாலென்று விழும். ஒரு விளக்கக் கூட்டத்தில் "கடைசியில் ஏன் இவ்வளவு முன்னேற்றம்?" என்று கேட்கப்பட்டு முழித்திருக்கிறேன். அதோடு, ஒரே டிக்கில் இரண்டு முழு டம்ப் கேட்டால் இரண்டாவது எழுதப்படாது, லூப்பின் எண்ணிக்கையும் ஃபைலின் எண்ணிக்கையும் ஒன்று வித்தியாசப்பட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

பழைய பதிப்புகளில் சிம்-டிக்ஸ், சிம்-இன்ஸ்ட்ஸ் என்று நடுவில் அடிக்கோடு இருக்கும், புதியதில் சேர்த்து எழுதி இரண்டாவது சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிது. இணையத்தில் கிடைக்கும் பழைய பார்சர் ஒன்றும் தராமல் வெறும் காலி அட்டவணை தந்தால் காரணம் இதுதான்.

எக்ஸ் அச்சில் எதைப் போடுவது?

ஃபைனல்டிக். சிம்டிக்ஸ் ரீசெட்டோடு சுழியத்துக்குப் போகும், அது அந்தத் துண்டின் நீளம். ஃபைனல்டிக் ரீசெட் ஆகாது, ஆரம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும்.

ரீசெட் செய்தால் கேச் காலியாகிவிடுமா?

ஆகாது. எண்ணிகள் மட்டும்தான் சுழியம் ஆகும். கேச், பிராஞ்ச் பிரெடிக்டர் (புரோகிராம் எந்தக் கிளையில் போகும் என்று ஊகிப்பது), டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைப்பது) எல்லாம் இருந்தபடியே இருக்கும். சூடேற்றிவிட்டு அளப்பது என்ற வேலையே இதை நம்பித்தான் நடக்கிறது: கொஞ்சம் ஓட்டு, ரீசெட் செய், பிறகு அளக்கத் தொடங்கு.

செக்பாயிண்டிலிருந்து ஓட்டினால் ஸ்டாட்ஸ் தொடருமா?

தொடராது. செக்பாயிண்டில் (நடு ஓட்டத்தில் சேமித்துவைக்கும் நிலை) மெமரியும் ரெஜிஸ்டர்களும் சேமிக்கப்படும், எண்ணிகள் இல்லை. டிக் மட்டும் விட்ட இடத்திலிருந்து போகும். சாதாரண கேச்களின் உள்ளடக்கமும் அதில் வராது, அதனால் முதல் சில துண்டுகளில் மிஸ் தாறுமாறாக இருக்கும். தூக்கிப் போடுங்கள், எத்தனை துண்டைத் தூக்கினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஓட்டத்தின் நடுவில் எளிய கோரிலிருந்து ஓ3 கோருக்கு மாற்றுபவர்களுக்கு: மாறிய பிறகு எண்கள் வேறு பெயரில் வரும். பழைய ஸ்கிரிப்டுகளில் சிஸ்டம்.சிபியு என்பதில் எண்ணிக்கை நின்றுபோய் சிஸ்டம்.ஸ்விட்ச்-சிபியுஸ் என்பதில் ஓடத் தொடங்கும். "பாதியிலேயே ஐபிசி செத்துவிட்டது" என்று எனக்கு வந்த மூன்று மெயில்களுக்கும் பதில் இதுதான்.

அடிக்கடி டம்ப் எடுத்தால் சிமுலேஷன் முடிவே மாறிவிடுமா?

பைத்தான் பக்கத்திலிருந்து எடுத்தால் மாறாது. டம்ப் நடக்கும்போது சிமுலேட்டருக்குள் காலம் நிற்கிறது, உள்ளே ஓடுகிற புரோகிராமுக்கு எதுவும் தெரியாது. எம்5ஆப்ஸ் வழியில் மட்டும் மேலே சொன்ன சின்னத் தொந்தரவு உண்டு.

உங்கள் நேரம்தான் மாறும். ஓ3 கோர் வினாடிக்கு 2 லட்சம் கட்டளை வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால் 200 கோடிக் கட்டளைக்குக் கிட்டத்தட்ட 2 மணி 45 நிமிடம். அதில் 10,000 டம்ப், ஒவ்வொன்றுக்கும் கால் வினாடி என்றால் இன்னொரு 40 நிமிடம். ஆய்வகத்தின் பொது நெட்வொர்க் டிஸ்க்கில் எழுதினால் இது இன்னும் கூடும், மற்றவர்களும் உங்களைத் திட்டுவார்கள். சர்வரின் சொந்த டிஸ்க்கில் எழுதிவிட்டு முடிந்ததும் நகர்த்துங்கள்.

ஹோஸ்ட்செகண்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதே, அதையும் வரையலாமா?

அது சிமுலேட்டர் ஓட எடுத்துக்கொண்ட நிஜ நேரம், நீங்கள் வடிவமைக்கும் பிராசஸரோடு அதற்கு உறவில்லை. அதையே பிராசஸரின் வேகம் என்று காட்டிய ஒரு வகுப்புப் புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போட வேண்டி வந்தது, மாணவரின் லேப்டாப் வேகத்தைத்தான் அளந்திருந்தார்கள். ஆனால் ஒரு உபயோகம் உண்டு: ஒவ்வொரு துண்டுக்கும் அது எவ்வளவு என்று பார்த்தால் மீதி ஓட்டம் எப்போது முடியும் என்று ஓரளவு கணிக்கலாம், வீட்டுக்குக் கிளம்புவதா இருப்பதா என்று முடிவு செய்ய நான் அதைத்தான் பார்ப்பேன்.